ஜான்சிக்கு வைத்த பொங்கல்

என் அப்பா பலராமன் இந்த ஆனி மாதம் இறந்தார். வயது எழுபத்தொன்று. மாரடைப்பு என்று சான்றிதழில் இருக்கிறது. கடைசி ஐந்து மாதங்கள் அவருக்கு ஒரே கவலைதான் இருந்தது. குதிரைகளைப் பார்த்துக்கொண்ட சிலம்பரசன் மேல் விழுந்த பழியை எடுக்க வேண்டும். அந்தப் பழி அப்பா மேல் விழுந்திருக்க வேண்டியது.

கடலோர ஊர் எங்களுடையது; அதன் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை மதிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி ஆறு மாடு கட்டும் கொட்டகை. அதற்குப் பின்னால் முக்கால் ஏக்கர் புல்தரை. அப்பா பஞ்சாலையில் இருபத்திரண்டு வருடம் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆலையை மூடியதும், கையில் வந்ததை வைத்து மாடு வாங்கினார். அவரும் அம்மா வேம்புவும் பால் கறந்துதான் மகளான என்னை டிப்ளமோ படிக்கவைத்தார்கள். மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வால்வுகளையும் அழுத்தமானிகளையும் சோதிப்பது என் வேலை.

அம்மா சிறுநீரகம் கெட்டு இறந்த வருடம் அப்பாவின் முழங்கால்களும் போயின. குந்திக் கறக்க முடியவில்லை. மாடுகளை ஒவ்வொன்றாக விற்றார். கடைசி மாட்டை வண்டியில் ஏற்றிய பிறகு ஒரு மாதம் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

இராமதாஸ் வந்தது அப்போதுதான். கடற்கரைச் சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் மூன்று குதிரைகளை வைத்துப் பிழைப்பவர். குதிரை கட்டியிருந்த காலிமனையில் வீடு எழும்ப ஆரம்பித்துவிட்டது. வேறு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, கொட்டா சும்மாதான கெடக்குது? வாடகைக்கு உடுங்க."

"குதிர கடிக்குமா?"

"உங்களக் கடிச்சா அதுக்குத்தான் பல்லு போவும்."

அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எழுத்து எதுவும் இல்லை. இடம், தண்ணீர், புல் எங்களுடையது. தீனி இராமதாஸுடையது. "தீனில மட்டும் கை வெக்காதீங்க. மாடு வேற, குதிர வேற" என்றார். குதிரைக்கு இடம் விடுகிறவர்கள் எல்லோரிடமும் இதே பேச்சுதான் என்றும் சொன்னார். அப்பா தலையாட்டினார்.

பிறகு அவர் செய்த வேலையை என் தொழிற்சாலையில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. குதிரை தலையைத் தூக்கினால் இடிக்கும் என்று கொட்டகைக் கூரையை இரண்டடி உயர்த்தினார். சிமென்ட் தரை வழுக்கும் என்று மணல் கொட்டினார். கழுநீர்த் தொட்டியை மேடை கட்டி ஏற்றினார். மாடு நாக்கால் சுருட்டி மேயும், குதிரை பல்லால் ஒட்ட வெட்டும். ஒரே இடத்தில் விட்டால் பதினைந்து நாளில் புல்லின் வேர்கூட மிஞ்சாது. அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு புல்தரையைக் கயிறு கட்டி மூன்றாகப் பிரித்தார். ஒன்றில் மேயும்போது மற்ற இரண்டும் வளரும். யாரும் சொல்லித் தரவில்லை.

இராமதாஸ் சம்பளத்துக்கு வைத்திருந்த சிலம்பரசன், சாரம் என்ற பகுதியிலிருந்து தினமும் விடியும்போது சைக்கிளில் வருவார். முப்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள். அப்பாவை மாமா என்பார். அப்பா வெள்ளைப் பெட்டைக் குதிரை ஜான்சியின் வயிற்றைத் தடவிக்கொண்டே நிற்பதைப் பார்த்தால் விடமாட்டார்.

"மாமா, மடி தேடாதீங்க. மாப்ளய ஏத்துற குதிர அது. கறந்துகிறந்து உட்டுடப் போறீங்க."

"போடா, உன்னவிட அதுக்கு அறிவு ஜாஸ்தி."

"அதான் அது வேல செய்யாம நிக்குது, நான் சாணி அள்றேன்."

இப்படி இரண்டு வருடம் ஓடியது.

இந்தத் தை மாதம், மாட்டுப் பொங்கல் அன்று, கடற்கரையில் கூட்டம் இருக்கும் என்று இராமதாஸ் இரண்டு குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார். முந்தைய பொங்கல்களில் மூன்றுமே போய்விடும்; இந்தமுறை ஜான்சிக்குக் குளம்பில் புண். அதைக் கொட்டகையில் விட்டு, சிலம்பரசனைக் கூடவே இருக்கச் சொன்னார். சிலம்பரசன் ஆறு மணிக்கு ஒரு வேளைத் தீனி வைத்தார். கொள்ளும் தவிடும். ஒன்பது மணிக்கு அப்பாதான் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

"புள்ளைங்க காத்துனு இருக்கும். போய்ச் சாப்ட்டு சாயங்காலமா வா. நான் இருக்கேன்ல."

"அண்ணன் திட்டும் மாமா."

"அவன் பீச்ல இருக்கான். போடா."

அப்பா ஜான்சியைக் குளிப்பாட்டினார். நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்தார். கழுத்தில் சாமந்தி மாலை போட்டார். கொட்டகை வாசலில் செங்கல் அடுக்கி, பழைய பித்தளைப் பானையில் பொங்கல் வைத்தார். வெல்லமும் வாழைப்பழமும் நான்தான் பெரிய மார்க்கெட்டில் வாங்கிவந்தேன்.

"அப்பா, தீனில கை வெக்கக் கூடாதுன்னாரே அவர்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இது தீனியா? படையல். வருஷத்துக்கு ஒரு நாளு. கொட்டாயில ஒரு உசுரு நிக்குது, அதுக்குக் குடுக்காம நாம துன்றதா?"

நானும் விட்டுவிட்டேன். ஆறு மாட்டுக்கு ஆக்குகிற அளவு தவிர வேறு அளவு அவருக்குத் தெரியாது. மாடுகள் இருந்தபோது ஒவ்வொன்றுக்கும் இரண்டு உருண்டை போகும். இப்போது நின்றது ஒரு குதிரை. வாழையிலையில் வைத்து வைத்து ஊட்டினார். அது வாங்கிக்கொண்டே இருந்தது. அவர் பொங்கலோ பொங்கல் என்று கத்த, பக்கத்தில் நின்று தட்டைத் தட்டியது நான். பானை காலியானது. அதைக் கழுவிக் கவிழ்த்ததும் நான்தான்.

இரண்டு மணிக்கு ஜான்சி முன்னங்காலால் தரையைக் கீற ஆரம்பித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. உடம்பெல்லாம் வேர்த்தது. கீழே விழுந்து புரண்டது, எழுந்தது, மறுபடி புரண்டது. மாட்டுக்கு வயிறு உப்பினால் செய்வதுபோல அப்பா விலாவில் எண்ணெய் தேய்த்தார். நான் இராமதாஸுக்கும், மூன்று கால்நடை மருத்துவர்களுக்கும் போன் செய்தேன். பண்டிகை நாள். மூன்றாமவர் எடுத்தார். வில்லியனூரிலிருந்து வர வேண்டும் என்றார்.

நாலரை மணிக்கு ஜான்சி புரள்வதை நிறுத்தியது. எழுந்து அசையாமல் நின்றது.

"வலி உட்டுடுச்சு பாரு" என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது. கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். தோல் ஈரமாக, சில்லென்று இருந்தது.

மருத்துவர் வந்து உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு கறுத்திருந்தது. வலி நின்றது குணமானதால் அல்ல, இரைப்பை வெடித்துவிட்டது என்றார். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது உப்பினால் மேலே திரும்ப வழி இல்லை. எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒருபக்கம் மட்டும் திறக்கும் வால்வு. அழுத்தம் ஏறினால் கலன்தான் உடையும். தினமும் பார்க்கும் வேலை.

"தானியம் அதிகமாப் போயிருக்கு. என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார்.

"வழக்கமான தீனிதான் சார்" என்றேன் நான்.

மருத்துவர் ஊசி போட்டு அதன் உயிரை முடித்துவைத்தார். அவர் கிளம்பும் நேரத்தில் இராமதாஸ் வந்தார். தானியம் அதிகம் என்று அவரிடமும் சொல்லிவிட்டுப் போனார். சற்றுப் பின்னால் புதுச் சட்டையோடு சிலம்பரசன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மூணு வேளத் தீனியையும் காலைலயே கொட்டிட்டு ஊரு மேயப் போயிட்டியா?" இராமதாஸ் அவரை அறைந்தார்.

"சத்தியமா ஒரு வேளதாண்ணே வெச்சேன். மாமாதான் போவச் சொன்னாரு."

"அவரா உனக்குச் சம்பளம் குடுக்குறாரு?"

மறுநாள் ஜேசிபி வைத்துப் புல்தரையின் ஒரு மூலையில் குழி தோண்டி, உப்பு போட்டுப் புதைத்தோம். சிலம்பரசனுக்கு வேலை போனது. இந்த ஊரில் குதிரை வைத்திருப்பவர்கள் மொத்தம் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. யாரும் அவரைச் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் வந்து வாசலில் நின்றார்.

"மாமா, நீங்க பாத்தீங்கல்ல? ஒரு வேளதான வெச்சேன்? நீங்க ஒரு வார்த்த சொன்னா அண்ணன் கேக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவை உள்ளே கூப்பிட்டேன். அப்பா வந்துவிட்டார். சிலம்பரசன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

"நான் சொல்லிடறேன் குழலி."

"சொன்னா நாளைக்கே குதிரைங்கள ஓட்டினு போயிடுவாரு. திரும்பவும் கொட்டா பக்கமே போவாம மொடங்கிக் கெடப்பியா? அவனுக்கென்ன, வேற வேல கெடைக்கும்."

அப்பா நாலு வாரம் பொறுத்தார். மாசி மாதத்தில் ஒருநாள் நான் வேலைக்குப் போன பிறகு பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போனார். சவாரிக்கு நின்றிருந்த ஆட்கள், மற்றக் குதிரைக்காரர்கள் எல்லோர் எதிரிலும் நின்று இராமதாஸிடம் சொன்னார். பானை, பொங்கல், அளவு, எல்லாம்.

இராமதாஸ் எனக்குப் போன் செய்தார். "உங்கப்பா என்னமோ சொல்றாரும்மா. குதிரைக்குப் பானை நெறையப் பொங்கல் வெச்சாராம். நீதான் அன்னைக்கு வழக்கமான தீனின்னு சொன்ன. எது நெசம்?"

நான் சோதனை மேசையில் நின்றிருந்தேன். யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்பாவுக்குக் கொஞ்ச நாளா புத்தி ஒரு நிலையில இல்லண்ணே. எதையாவது தன் மேல போட்டுக்குறாரு."

குதிரைகள் போனால் அப்பா உடைந்துபோவார் என்று பயந்தது உண்மை. ஆனால் அது இரண்டாவது காரணம். என் சொல் பொய் என்று தெரிந்துவிடும் என்பதே முதல் காரணம்.

அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். "சொல்லிட்டேன்" என்றார். மறுநாள் காலை இராமதாஸ் வந்தார். கோபமாக அல்ல. அப்பாவின் தோளில் கை வைத்தார்.

"நல்ல மனசு பெரியவரே உங்களுக்கு. அதுக்காக அவன் பண்ணத நீங்க தூக்கிப் போட்டுக்காதீங்க. பொண்ணு எல்லாம் சொல்லுச்சு. மாத்திர வாங்கிப் போட்டுக்கோங்க."

அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவில்லை.

பிறகு அவர் டீக்கடையில் சொன்னார், ரேஷன் கடையில் சொன்னார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பெண்டாட்டி போன பிறகு இப்படி ஆகிவிட்டார் என்றார்கள். திரும்பத் திரும்பச் சொல்வதே அதற்கு அத்தாட்சியாகிவிட்டது. வலிக்கும் காலோடு சாரத்துக்குப் போய்ச் சிலம்பரசன் வீட்டைத் தேடினார். காலிசெய்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இரண்டாம் முறையும் போய்த் தேடினார்.

சிலம்பரசன் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். சித்திரையிலேயே பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து வேறு தெரு வழியாகப் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஆனி மாதம் ஒரு காலை அப்பா புல்தரையில் கயிறு மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். விழுந்தவர் எழவில்லை. அவர் முடிச்சுப் போடாமல் விட்ட பக்கம் வழியாக இரண்டு குதிரைகளும் வளரும் புல்லில் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இராமதாஸிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்போ பெரியவருக்கு ஒண்ணும் இல்லையா? நல்லாத்தான் இருந்தாரா?"

"நல்லாத்தான் இருந்தாரு."

"அவர நான் மாத்திர சாப்டச் சொன்னேனேம்மா."

மறுநாள் மினி லாரி கொண்டுவந்து குதிரைகளை ஏற்றினார். நான் இத்தனை நாள் தவிர்த்த அந்தத் தெருவுக்குப் போனேன்.

சிலம்பரசன் நீலச் சட்டையில் கேட்டின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மாமா தவறிட்டாருன்னு கேள்விப்பட்டேன். வரல. வாயத் தொறக்காமயே போயிட்டாரேன்னு இருந்துச்சு."

"தொறந்தாரு. பீச்சுக்குப் போய், தான் பொங்கல் ஊட்டுனதாலதான் குதிர செத்துச்சுன்னு இராமதாஸண்ணன்கிட்ட சொன்னாரு. மாசி மாசம்."

"எல்லார் எதிர்லயுமா?"

"ஆமாம். உங்களயும் தேடுனாரு. சாரத்துக்கு ரெண்டு வாட்டி போனாரு."

"எனக்கு யாரும் சொல்லலையே. அண்ணனும் கூப்புடலையே."

"அவருக்குப் புத்தி சரியில்லன்னு நான் சொன்னேன். நீங்க இங்க இருக்கறது எனக்குத் தெரியும். அதையும் அவருகிட்ட சொல்லல."

திட்டுவார் என்று நின்றேன்.

பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது.

"வண்டி வருது. தள்ளி நில்லுங்க" என்றார்.

தள்ளி நின்றேன். அவர் கேட்டைத் திறந்தார், லாரியின் எண்ணை நோட்டில் எழுதினார், கேட்டை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டார்.