மான் சுடுகிறவனின் லைசென்ஸ்

மான் சுடும் தொழிலில் சுடுவது மிகக் கொஞ்சம். மீதியெல்லாம் காத்திருப்பதும் படிவம் நிரப்புவதும்தான்.

லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் இருந்துகொண்டு மான் சுட்டுப் பிழைக்கிறேன் என்று சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். ஆகவே விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்தைச் சுற்றியுள்ள காடுகளில் மான்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிட்டன. இளம் மரங்களின் பட்டையை உரிக்கின்றன. கோதுமைப் பயிரை மேய்கின்றன. ஓடும் கார்களுக்கு முன்னால் பாய்கின்றன. அவற்றைப் பிடித்துத் தின்ன இங்கே சிறுத்தையும் இல்லை, ஓநாயும் இல்லை. அதனால் பண்ணைக்காரர்கள் என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் மூன்று பண்ணைகள், இருபத்துநான்கு வருடங்கள். இதுதான் என் உத்தியோக வரலாறு.

ரைபிள் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பொலிஸார் அதைப் புதுப்பித்துத் தர வேண்டும். தராவிட்டால் ரைபிள் இல்லை, பண்ணை இல்லை, வேலையும் இல்லை. போன வருடக் கடைசியில் என்னுடையது முடிய இருந்தது. அறுபது வயதாகிவிட்டது, வேறு தொழில் தெரியாது. மினிகாப் ஓட்டும் லைசென்ஸோ, கடையில் பியர் விற்கும் லைசென்ஸோ வைத்துக்கொண்டு, கதவுத் துவாரத்தில் கடிதம் விழும் சத்தத்துக்கே திடுக்கிடுகிற வாசகர்களே, நீங்கள் என் இனம். உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

புதுச் சட்டை

செப்டெம்பரில் சுரேஷ் வந்தார். சென்னைக்காரர், கணினி வேலை, வயது நாற்பது. மான் வேட்டை பழக வேண்டும் என்றார். பழகுவதற்கு முன்னரே உடுப்பு வாங்கிவிட்டார். இலையும் கிளையும் அச்சடித்த சட்டை, அதே அச்சில் தொப்பி, அதே அச்சில் தண்ணீர்ப் போத்தல். என் மேசையில் உட்கார்ந்து எந்தத் தோட்டா நல்லது, ரைபிளின் மேல் பூட்ட எந்த ஸ்கோப் நல்லது என்று இரண்டு மணி நேரம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மானின் கண்ணைவிட அதன் மூக்குத்தான் நமக்கு எதிரி. ஆகவே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். சட்டையில் இலை தேவையில்லை, அது சரசரக்காமல் இருந்தால் போதும். ஸ்கோப்புக்குக் கொடுப்பதில் பாதியை நல்ல பைனாகுலருக்குக் கொடுங்கள், ஏனென்றால் நாள் முழுக்கப் பார்ப்பது அதன் வழியாகத்தான். அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஒன்றையும் செய்யவில்லை.

ஒரு பிற்பகல் என்னோடு கூட்டிப்போனேன். மரத்தில் சாய்த்துக் கட்டிய ஏணி இருக்கையில் இருவரும் மூன்று மணி நேரம் இருந்தோம். அந்தச் சட்டை சிப்ஸ் பைக்கற்றைப் போலச் சத்தம் போட்டது. ஆனாலும் ஒரு மான் வந்தது. மேட்டின் உச்சியில், வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றது. தோட்டா மானோடு நின்றுவிடாது; துளைத்துக்கொண்டு வெகுதூரம் போகும். மானுக்குப் பின்னால் மண் தெரிந்தால் சுடலாம், வானம் தெரிந்தால் சுடக் கூடாது. நான் ரைபிளைத் தூக்கவில்லை. மான் ஐந்து நிமிடம் நின்று மேய்ந்துவிட்டுப் போனது. சுரேஷ் பெருமூச்சு விட்டார். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. இவ்ளோ நேரம் ஒக்காந்து சுடாம வர்றதுன்னா, அதுக்கு நான் பால்கனியிலயே ஒக்காந்திருப்பேனே!"

ஈயமும் செப்பும்

முன்பெல்லாம் ஈயத் தோட்டாதான். ஈயம் மானின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத தூளாக உடைந்து இறைச்சியில் கலந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு அது நல்லதல்ல. ஆகவே இறைச்சி வாங்குகிறவர்கள் செப்புத் தோட்டா கேட்கத் தொடங்கினார்கள். செப்பு உடையாது, பூ விரிவதுபோல விரிந்து ஒரே துண்டாக நிற்கும். ஆனால் அது போகும் போக்கு வேறு. மூன்று நாள் காகித இலக்கில் சுட்டு ரைபிளைத் திரும்பவும் சரிப்படுத்தினேன். தோள்மூட்டு கன்றிப்போனது.

நான் சுடும் மானில் ஒரு பங்கு எங்கள் பகுதியில் யோகன் என்பவரின் இறைச்சிக் கடைக்குப் போகும். அங்கே வழக்கமாக இறைச்சி வாங்கும் பத்மா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். இப்போது வரும் மானில் ஏதோ குறைகிறதாம், முந்திய ருசி இல்லையாம். மேலே எழுதிய அவ்வளவையும் நான் பொறுமையாக அவருக்குச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஈயம் எண்டா இருக்கட்டும் தம்பி, என்ரை பிள்ளையள் எல்லாம் வளந்திட்டினம். எனக்கு மட்டும் பழைய சாமானாலை ஒண்டு சுட்டுத் தாரும்."

வள்ளியின் உறவினர்

கந்தசஷ்டி நாட்களில் கோயிலுக்குப் போனேன். கணேசலிங்கம் ஐயா வாசலிலேயே மறித்தார். எழுபத்தைந்து வயது, ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். "வள்ளி ஆற்றை வயித்திலை பிறந்தவ எண்டு தெரியுமோ?" என்று கேட்டார். மானின் வயிற்றில் என்றேன். "தெரிஞ்சுகொண்டும் சுடுறீர்!" என்றார். வள்ளியை வளர்த்தவர் வேடர், முருகனே அவளிடம் வேடன் வேஷத்தில்தான் போனார் என்று நான் சொல்லியிருக்கலாம். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டு குனிந்தபோது ஐயாவும் என் காதுக்குக் குனிந்தார். "பாவம் உம்மோடை போகட்டும். சஷ்டி முடிஞ்ச அடுத்த நாள் பின்னந்தொடை ஒண்டு எனக்கெண்டு எடுத்து வையும், எலும்போடை."

இரண்டு பெயர்கள்

லைசென்ஸ் படிவத்தில் இரண்டு பேரின் பெயர் கொடுக்க வேண்டும். சொந்தக்காரராக இருக்கக் கூடாது. பொலிஸார் அவர்களைக் கேட்பார்கள்: இந்த ஆள் எப்படி, குடிப்பாரா, கோபக்காரரா, கையில் துப்பாக்கி கொடுக்கலாமா? ஒரு பெயருக்குப் பண்ணைக்காரர் டேவிட் அந்த இடத்திலேயே சம்மதித்தார். மற்றதற்கு என் நண்பன் சிவத்திடம் போனேன். பதினைந்து வருடமாக என் வீட்டில் மான்கறி சாப்பிட்டவன்; என்னைவிட என் மனைவியின் கறித்தூளை அதிகம் தெரிந்தவன்.

சிவம் படிவத்தைக் கையாலும் தொடவில்லை. மேசையில் வைக்கச் சொல்லித் தூரத்தில் நின்று வாசித்தான். ஊரில் அவன் பட்டது எனக்குத் தெரியும். அதனால் நான் கோபிக்கவில்லை. கடைசியில் இறைச்சிக் கடை யோகன்தான் பெயர் கொடுத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பிய சிவம் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன்ரை பேரைத் துவக்குக் கடுதாசியிலை போடச் சொல்லுறியே மச்சான்! கறி காய்ச்சினா சொல்லு, அதுக்கு வாறன்."

டொக்டரின் படிவம்

டொக்டரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் டொக்டர் மதுரைப் பக்கத்துப் பெண்மணி. பழைய பதிவுகளைத் திரையில் உருட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். தம்பி ஊரில் காணாமல் போன பிறகு இரண்டு வருடம் நான் நித்திரைக் குளிசை எடுத்தது அங்கே இருந்தது. இப்போது எப்படி என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாதபடியால், வீட்டில் நித்திரை குறைவு, காட்டில் மரத்தடியில் சாய்ந்தால் உடனே வருகிறது என்று சொன்னேன். கேட்டதற்கு மேல் சொல்கிற பழக்கம் எனக்கு அன்றே இருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

டொக்டர் நல்லவர். உடல் நலம், மன நலம், ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வைப்பதற்கு முன் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். "துப்பாக்கி பக்கத்துல இருந்தா தூங்குறீங்க, பொண்டாட்டி பக்கத்துல இருந்தா தூங்க மாட்டேங்கிறீங்க. இதை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது சார்?"

ஐந்து பொட்டு

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு லைசென்ஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, மரியாதையானவர். என் மனைவி ராணி தேநீரும் கடலை வடையும் கொடுத்தாள். அதிகாரி இரண்டு வடை சாப்பிட்டார். பெயர் கொடுத்த இருவரும் நல்லதாகவே சொன்னார்கள் என்றார். மாடி அறைச் சுவரில் முடுக்கிய இரும்பு அலுமாரியைப் பார்ப்பதுதான் மிச்சம். ரைபிள்கள் அதற்குள்தான் இருக்க வேண்டும். அதன் சாவி இருக்கும் இடம் லைசென்ஸ்காரரைத் தவிர வேறு எவருக்கும், மனைவிக்குக்கூட, தெரியக் கூடாது. சட்டத்தில் இதற்கு விலக்கு இல்லை.

நான் திறந்தேன். ஒரு ரைபிளின் மரப் பிடியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. கதவின் உள்பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக, மங்கினதும் புதியதுமாக ஐந்து பொட்டுகள். இது என்ன என்று அதிகாரி ஆவலோடு கேட்டார். ஆயுத பூசை பற்றி விளக்கினேன்: தையற்காரர் தையல் மெஷினுக்கும் டிரைவர் காருக்கும் பொட்டு வைப்பார்கள், எங்கள் தொழிலுக்கு இது. "எவ்வளவு அழகான வழக்கம்!" என்றார் அவர், மனதாரத்தான். பூசை செய்வது நீங்களா என்று என்னைக் கேட்டார். பின்னால் நின்ற ராணி, தன் வேலைக்கு வேறொருவன் பெயர் எடுத்துவிடுவானோ என்று பயந்தவள் போல முன்னுக்கு வந்தாள். இல்லை, ஒவ்வொரு வருடமும் நான்தான், அந்தக் கிழமையில் இவர் ஒரு நாளும் வீட்டில் இருக்கமாட்டார், என்றாள். நல்ல, பிழையில்லாத இங்கிலீஷில் சொன்னாள்.

உண்மைதான். பூசை வரும் காலத்தில்தான் ஆண் மான்கள் இணைக்காகச் சண்டை பிடிக்கும். நான் ஒரு ரைபிளோடு காட்டில் இருப்பேன், மற்றது வீட்டில் இருக்கும். எனக்கு ஏதும் நடந்தால் தெரிந்திருக்கட்டும் என்று சாவி இருக்கும் இடத்தை ராணிக்குச் சொன்னவன் நானே. காட்டிலிருந்து வந்து பொட்டைப் பார்த்தபோதெல்லாம் சந்தோஷப்பட்டவனும் நானே. காற்றையும் மண்ணையும் பார்த்துப் பார்த்துச் சுட்ட எனக்கு, என் கதவில் இருந்த ஐந்து சாட்சிகளை ஒரு ஈரத்துணியால் துடைக்கத் தோன்றவில்லை. அதிகாரி பேனாவை எடுத்தார். பொட்டுகளை விரலால் எண்ணினார். அன்றே இரண்டு ரைபிளையும் தோட்டாக்களையும் எடுத்துப் போனார். கார் திரும்பும்வரை ராணி வாசலில் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நான் சாமிக்குத்தானே திறந்தனான். சாமிக்குத் திறக்கிறதும் பிழையோ?"

வழக்கறிஞர்

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. லைசென்ஸ் ரத்து. நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று கடைசி வரியில் இருந்தது. ஆகவே ஹரோவில் ஒரு தமிழ் வழக்கறிஞரிடம் போனோம். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். ராணியிடமும் நடந்ததைக் கேட்டார். அவள் ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அக்கா பொய் சொல்லியிருந்தா நான் ஏதும் செய்திருப்பன். உண்மையை வைச்சுக்கொண்டு என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது அண்ணை."

பண்ணைக்காரர்

டேவிட்டுக்கு நானே போன் செய்து சொன்னேன். வேறு யாரிடமும் கேட்டு அவர் அறியக் கூடாது என்று நினைத்தேன். அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார். என் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். இருபத்துநான்கு வருடத்தில் நான் ஒரு வேலியை உடைத்ததில்லை, ஒரு மாட்டை மிரட்டியதில்லை என்று அவரே எனக்கு எடுத்துச் சொன்னார், செத்தவனைப் பற்றிச் சொல்வதுபோல. நான் நன்றி சொன்னேன். போனை வைக்கப் போனபோது ஏதோ நினைவு வந்தவராகச் சொன்னார்: "எங்கள் பண்ணை வாசல் படலைச் சாவி ஒன்று உன்னிடம் இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பிவிடு, நண்பா. குறை நினைக்காதே, இனி அது வேறொருவர் கையில் இருக்கக் கூடாது."

வாசகர்களே, இப்போது எங்கள் வீட்டில் எல்லாம் சட்டப்படி சரியாக இருக்கிறது: அலுமாரி வெறுமையாக, அதன் சாவி எல்லோருக்கும் தெரிந்த ஆணியில், நான் வருடம் முழுவதும் வீட்டில்.