கை விழிக்கும் நேரம்

சூடான காப்பிக் குவளையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலையில் என் விரல்கள் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கின்றன. குவளையின் சூடு இறங்க இறங்க, அம்மாவும் எங்கள் எருமையும் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

சிராங்கூன் சாலைப் பக்கம் மின்விளக்கு வராத காலம். மாட்டுக்கொட்டகையை ஒட்டி, அத்தாப்பு ஓலை வேய்ந்த எங்கள் கூரை வீடு. அம்மாவுக்கு முடக்குவாதம். விடியும் முன்பு அவள் விரல்கள் வீங்கி விறைத்திருக்கும். சிறுமியான நான் அரிக்கன் விளக்கைப் பிடிக்க, எருமையின் மடிக்கும் தொடைக்கும் நடுவே கைகளைச் செருகியபடி அவள் குந்தியிருப்பாள். சாணியும் ஈர வைக்கோலும் மணக்கும். எருமை அசையாமல் நிற்கும். விரல்கள் மடங்கிய பிறகுதான் கறப்பாள்.

ஒருநாள் பால் வாங்க வந்த பெண் அதைப் பார்த்து முகம் சுளித்தாள். "நோவுக்காரி கறக்குற பாலா? வேற யாராச்சும் கறங்க."

அப்பா பயந்துபோய்த் தானே குந்தினார். எருமை பாலை அடக்கிக்கொண்டு செம்பை உதைத்துத் தள்ளியது.

அம்மா செம்பை எடுத்துக் கழுவினாள். "இது ஒட்டிக்கிற நோவு இல்ல. என் கை எந்திரிக்க நேரமாகும், அவ்வளவுதான். எருமையே நிக்குது. உங்களால நிக்க முடியாதா?"

அந்தப் பெண் நின்றாள்.

"அத்தை, ரவிக்கைப் பொத்தானை நான் போட்டு விடவா?" என் மருமகள் குனிகிறாள்.

"கை எந்திரிச்சுக்கிட்டு இருக்கு. நில்லு."

குவளையைக் கீழே வைத்துவிட்டு, மேல் பொத்தானைப் பிடிக்கிறேன்.