வாயால சொல்லு

ரோஸ்லின் அக்கா போய்விட்டதை பிரேசர் டவுன் ஜிம்மின் பயிற்சியாளர்தான் போனில் சொன்னார். "துடுப்பு மெஷின் மேலயே சாஞ்சிட்டாங்க சார். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." இப்படி ஒரு போன் வந்துவிடுமோ என்றுதான் சில வாரங்களாகப் பயந்துகொண்டிருந்தேன்.

நம் ஓட்டக் குழுவில் அக்காவிடம் திட்டு வாங்காதவர் யார்? தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பா, நெஞ்சில் தூசி படிந்து மூச்சுக்குத் தவித்தே இறந்தவர். அந்தச் சத்தத்தோடு வளர்ந்ததாலோ என்னவோ, அக்காவின் காது எப்போதும் நம் மூச்சின் மேலேயே இருக்கும். ஏரிக்கரை மேட்டில் யாருக்காவது இரைத்தால் பக்கத்தில் வந்து, "முடியுதா?" என்பார். தலையாட்டினால் தொலைந்தோம். "தலையாட்டாத, வாயால சொல்லு. பேச முடியலன்னா நடந்து வா." வீம்புக்கு ஓடப் பார்த்த என்னைச் சட்டையைப் பிடித்தே நிறுத்தியிருக்கிறார்.

முழங்கால் வலிக்காக டாக்டர் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னபோது அக்கா ஒடுங்கிப்போனார். மூட்டில் அடி விழாமல் காலுக்கும் முதுகுக்கும் மூச்சுக்கும் வேலை கிடைக்கும் என்று, படகு வலிப்பதுபோல் உட்கார்ந்தபடி பிடியை இழுக்கிற அந்தத் துடுப்பு மெஷினுக்கு மாறினார். முழங்கால் தேறியது, எல்லோரும் கைதட்டினோம். ஆனாலும் எனக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகாது. வேகமாக இழுக்கும்போது அதன் காற்றாடி போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரின் மூச்சு கேட்காது. அதைச் சொன்னபோது அக்கா சிரித்தார். "அதான்டா நிம்மதி. இங்க யார் மூச்சும் கேக்கல, என்னுதும் கேக்கல."

போன மாதம் பார்த்தபோது முகம் வெளுத்திருந்தது. "முடியுதாக்கா?" என்றேன். இரண்டு கையும் பிடியில் இருந்தன. முன்னும் பின்னும் போய்வந்த உடம்போடு தலையும் ஆடியது. அது பதிலா, இழுப்பின் அசைவா என்று தெரியவில்லை.

"வாயால சொல்லுங்கக்கா!"

இழுப்பதை நிறுத்தினார். காற்றாடி அடங்கிய பிறகுதான் அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. பேச நேரமாயிற்று. "ஜிம்ல வைக்கிற துடுப்பு ரேஸ் முடியட்டும்டா. அப்புறம் டாக்டர்கிட்ட நெஞ்சைக் காட்டறேன்." இப்போதே போகலாம் என்று கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். மறுபடி பிடியை இழுத்தார்.

அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஓடினோம். மேட்டில் எனக்குப் பின்னால் யாருக்கோ இரைத்தது. திரும்பிக் கேட்டேன். தலையாட்டல்தான் பதில்.

"வாயால சொல்லு!" என்று நான் கத்திய கத்தலில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த அதட்டல்தான். பதில் காதில் விழும்வரை இனி யாரையும் நகரவிட மாட்டேன்.