துடைக்கத் துடைக்க வந்த எண்ணெய்

பேர்ணடெற்றுக்குப் பனியில் ஓடுகிற ஸ்னோமொபைல் வண்டி எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் கனடாவின் ஸ்காபரோவில் இல்லை. ஐம்பது வயது தாண்டிய மன்னார்க்காரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பனிக்காலம் என்றால் அவருக்கு மற்றவர்களின் பிள்ளைகளை வழுக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற கவலை மட்டும்தான். போன வருடம், கூட வேலை செய்கிற கிறிஸ்ரினா அவரை வடக்கே ஹலிபேர்ட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய், உறைந்த ஏரிக்கு மேலே தன் வண்டியின் பின்னால் ஏற்றி ஒரு சுற்று ஓடினார். வீட்டுக்கு வந்த பேர்ணடெற், "எனக்கும் ஒண்டு வேணும்" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

மார்கழியில், லின்ட்சே என்ற ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் பழைய வண்டியொன்றை வாங்கினார். ஓடியது, சத்தமும் நன்றாக இருந்தது. தங்கள் வீட்டுக் கராஜுக்குள் இறக்கி, முன்மூடியைத் திறந்த பிறகுதான் உள்ளே இருந்ததைக் கண்டார். என்ஜினுக்குக் கீழே அடித்தட்டு முழுவதும் தார் மாதிரிக் கறுப்புப் படை. தேய்ந்த ரப்பர் பட்டியின் தூளும் எண்ணெயும் வருடக்கணக்காகச் சேர்ந்து இறுகியிருந்தன. எலி கூடு கட்டிய பஞ்சும் அதில் ஒட்டிக் கிடந்தது.

"உதை உப்பிடியே விடும்" என்றார் கணவர் சீமோன். "மூடியைப் போட்டால் ஆருக்குத் தெரியப்போகுது?"

கிறிஸ்ரினா போனில் வேறு மாதிரிச் சொன்னார். "அக்கா, சூடான புகைக் குழாய்க்குக் கிட்ட உந்தக் குப்பையை வச்சுக்கொண்டு ஓடாதேங்கோ. நெருப்புப் பிடிக்கும். தை மாசம் எல்லாரும் ஏரிக்குப் போறம், அதுக்கிடையிலை கழுவி முடியுங்கோ."

முதல் சனிக்கிழமை சட்டி கழுவுகிற சவர்க்காரத்தோடும் சுடுதண்ணீரோடும் இறங்கினார். தண்ணீர் அந்தப் படையின் மேல் உருண்டு ஓடியதே தவிர ஒன்றும் அசையவில்லை. கிறீஸ் கழற்றுகிற திரவம் வாங்கித் தெளித்தார். அது படையை இளக்கியது, ஆனால் இளகியதெல்லாம் கராஜ் கதவுக்குக் கீழால் கறுப்பாக வெளியே வழிந்தது. பக்கத்து வீட்டு நவரட்ணம் வேலியோரம் வந்து நின்றார்.

"தங்கச்சி, உந்தத் தண்ணி ரோட்டுக் கானுக்கை போகுது. அங்கையிருந்து நேரை ஏரிக்குத்தான்."

"தெரியும் அண்ணை. இப்ப மறிச்சுப்போடுறன்."

பூனையின் கழிவுத் தட்டில் போடுகிற களிமண் துகளை வாங்கி வந்து கொட்டி, ஊறியதைக் கூட்டி அள்ளினார். அதற்குள் மிச்சத் தண்ணீர் வாசலில் உறைந்து, சீமோன் அதில் வழுக்கி விழுந்தார். அடி பெரிதாக இல்லை.

அடுத்த கிழமை தண்ணீரே வேண்டாம் என்று பழைய துணியும் பல் துலக்கும் பிரஷும் பிளாஸ்ரிக் சுரண்டியுமாகக் குனிந்தார். நகத்துக்குள் ஏறிய கறுப்பு பஸ் ஓட்டும்போதும் போகவில்லை. உதவி செய்கிறேன் என்று வந்த மகள் ஸ்டெபனி, முன்கண்ணாடியில் ஸ்ரிக்கர் விட்ட பசையை நகப்பூச்சு அழிக்கிற திரவத்தால் துடைத்தாள். கண்ணாடியில் பாதி பால் மாதிரி வெளிறிப்போனது.

"சொறி அம்மா. ஐ தோட் இட் வோஸ் கிளாஸ்."

"பிளாஸ்ரிக் பிள்ளை. பரவாயில்லை, நீ உள்ளுக்குப் போ."

பரவாயில்லை என்று சொன்னாரே தவிர, உள்ளுக்குள் கொதித்தது.

ஒருவழியாக அடித்தட்டின் அலுமினியம் வெளிச்சத்தைக் கண்டது. எண்ணெய்த் தாங்கியில் புது எண்ணெய் ஊற்றி, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, நிம்மதியாகப் படுத்தார். காலையில் மூடியைத் திறந்தால் அடித்தட்டில் எண்ணெய். துடைத்தார். அடுத்த நாளும் எண்ணெய். இடுக்கில் இருந்தது இளகி வடிகிறது என்று நினைத்து இன்னும் ஆழமாகச் சுரண்டினார். பயணத்துக்கு முதல் நாள், வேலை முடிந்து வந்து பார்த்தபோதும் எண்ணெய். பிரஷை எடுத்துச் சுவரில் எறிந்துவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் குந்தி அழுதார்.

சத்தம் கேட்டுச் சீமோன் வந்தார். "வித்துப்போடும். உமக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

"இந்த வீட்டிலை எனக்கெண்டு நான் கேட்டு வாங்கினது இது ஒண்டுதான். விக்கச் சொல்லிறதெண்டால் தயவுசெய்து வெளியிலை போங்கோ."

சீமோன் போகவில்லை. கதவோரம் நின்றார். பேர்ணடெற் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எண்ணெயை விரலில் தொட்டு வெள்ளைக் கடதாசியில் தேய்த்தார். கறுப்பு இல்லை, நீலம். கடையில் வாங்கித் தன் கையாலேயே தாங்கியில் ஊற்றிய புது எண்ணெயின் நிறம்.

"இது பழசு இல்லை. எங்கையோ ஒழுகுது."

"ரோச்சைத் தாரும், நான் பிடிக்கிறன்" என்றார் சீமோன்.

"நேராப் பிடியுங்கோ. என்ரை கண்ணுக்கை அடிக்காதேங்கோ."

தாங்கியிலிருந்து வருகிற சின்ன ரப்பர்க் குழாய், கவ்வியின் கீழே காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்பின் இரண்டு பக்கமும் கறுப்புப் படையின் மிச்சம் ஒட்டியிருந்தது. சீமோன் குனிந்து பார்த்துவிட்டு, "அழுக்குத்தான் இவ்வளவு காலமும் உதை அடைச்சு வச்சிருந்திருக்கு" என்றார்.

"இப்ப அதைச் சொல்லாதேங்கோ."

புதுக் குழாய் திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள் கடையில். சனிக்கிழமை கிறிஸ்ரினாவும் மற்றவர்களும் பேர்ணடெற் இல்லாமல் போனார்கள். ஏரியில் நின்று எடுத்த படங்களை அனுப்பினார்கள். அவர் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. திங்கள் குழாய் வந்தது. சீமோன் வெளிச்சம் பிடிக்க, பேர்ணடெற்றே மாற்றினார். மறுநாள் அடித்தட்டு காய்ந்திருந்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமை மழை பெய்து பனியெல்லாம் கரைந்தது. கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி நின்றார்.

மாசி நடுவில் குளிர் திரும்பியது. இந்த முறை ஏரிக்குக் கிறிஸ்ரினா மட்டும் கூட வந்தார். ஏரிக்கு மேலே அரைவாசி தூரம் போனதும் பேர்ணடெற் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து அடித்தட்டை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. கொஞ்சத் தூரம் ஓடி மறுபடியும் நிறுத்தினார்.

"அக்கா, எனக்குக் கை விறைக்குது. மூடிப்போட்டு ஓடுங்கோ" என்றார் கிறிஸ்ரினா.

பேர்ணடெற் மூடினார். பெற்றோல் முடிகிற மட்டும் அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. திங்கட்கிழமை பஸ் கதவை இழுத்துத் திறக்கத் தோள் எழும்பவில்லை. என்ன நடந்தது என்று கேட்ட பிள்ளைகளுக்கு, ஏரிக்கு மேலே ஓடினேன் என்று சொன்னார்.