ஜெசிந்தா டீச்சரின் முகம்

மாலை ஐந்து மணிக்குள் எங்கள் டெஸ்க்கிலிருந்து ஏழு செய்தி ஏற வேண்டும். புது போன், நடிகர் பேட்டி, அரசியல் சண்டை, ஊர்க் கூத்து எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய இணையச் செய்தி சேனல் அது. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை அந்த டெஸ்க் என் பொறுப்பு.

அன்றைக்கு ஆறு ஏறிவிட்டன. ஏழாவதாக எடிட்டர் ரகுநாதன் ஒரு வீடியோ அனுப்பினார். கல்யாண ரிசப்ஷனில் ஒரு பெண் குத்தாட்டம் போடுகிறார். பெயர் ஜெசிந்தா, ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். ‘டீச்சரா இது? அதிர்ச்சியில் பெற்றோர்’ என்று தலைப்பும் எழுதியிருந்தார்.

“எந்தப் பெற்றோர் சார் அதிர்ச்சியானாங்க?” என்று கேட்டேன்.

“போட்டதும் ஆவாங்க. நாலு சேனல்ல வந்தாச்சு, நாம மட்டும் வேடிக்கை பாக்கணுமா? முகத்தைச் சுத்திச் சிவப்பு வட்டம் போடுங்க மேடம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வட்டத்தை எத்தனையோ பேர் முகத்தில் நானே போட்டிருக்கிறேன். ஒருவருக்கும் போன் செய்து கேட்டதில்லை. வீடியோ கையில் இருக்கும்போது ஆளிடம் என்ன கேள்வி என்பதுதான் எங்கள் வேலை முறை. அன்று நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.

“அது என் தங்கச்சி கல்யாணங்க,” என்றார் ஜெசிந்தா. “ஸ்கூல்ல திங்கக்கிழமை மன்னிப்புக் கடிதத்தோட வரச் சொல்லியிருக்காங்க. இல்லேன்னா வேலை இல்லையாம்.”

“கவலைப்படாதீங்க. நீங்க சொல்றதையும் போடறோம். முகத்தை மங்கலாக்கிடறேன், பேரு வராது.” பெரிய உபகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு.

“எதுக்குங்க மறைக்கணும்? திருடிட்டா ஓடினேன்? முகத்தோட, பேரோட போடுங்க. நானே பேசறேன்.”

வீடியோ காலில் பேசினார். “தங்கச்சி கல்யாணத்துல ஆடினேன். திங்கக்கிழமை பத்தாவதுக்கு வடிவியல் நடத்தப்போறேன். இதுல என்ன தப்புன்னு யாராவது சொல்லுங்க.” அப்படியே ஏற்றினேன்.

ரகுநாதன் என் மேஜைக்கே வந்துவிட்டார். “யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“ஆடினவங்களைக் கேட்டேன் சார்.”

“எடுங்க அதை.”

“மாட்டேன். வேணும்னா நீங்க எடுங்க. ஏன் எடுத்தீங்கன்னு அவங்க கேப்பாங்க, பதில் சொல்லுங்க.”

அவர் எடுக்கவில்லை. மறுநாள் என்னை ராசிபலன் பகுதிக்கு மாற்றினார். முதல் வேலையாக அவருடைய ராசிக்கு ‘நாவடக்கம் தேவை’ என்று எழுதினேன்.

ஜெசிந்தா திங்கட்கிழமை கடிதம் கொண்டுபோனார். ஆடினேன், வருத்தமில்லை என்று இரண்டே வரி. அதற்குள் அவர் பேசிய வீடியோவைப் பார்த்த பெற்றோர் பலர், டீச்சரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று ஸ்கூலுக்குப் போன் செய்திருந்தார்கள். வடிவியல் வகுப்பு நடந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆளைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ரகுநாதன் அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்கப் பார்த்தார். முகத்தை மங்கலாக்கி நானும் அதையேதான் செய்யவிருந்தேன், கனிவாக.