மாமியாரை அழ விடவில்லை

எல்கடுவ தேயிலைத் தோட்டத்துப் புஷ்பவதி நாடகத்தில் மாமியாராக நடித்தது ஒரே ஒரு வருஷம். ஊர் அவரை மாமியாராகவே வைத்திருந்தது நாற்பது வருஷம்.

அரச தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடிய அந்த நாடகத்தில் அவர் மருமகளை அடித்தார், பட்டினி போட்டார், கடைசி வாரத்தில் கிணற்றில் விழ வைத்தார். வரிசை வீடுகள் கொண்ட லயத்துக்கு ஒரு டிவி, அதுவும் கார் பெட்டரியில் ஓடிய காலம். பார்த்தவர்களுக்கு அது நாடகமென்று யாரும் தனியாக எடுத்துச் சொல்லவில்லை. பிறகு அவருக்குத் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தபோது, கொழுந்தெடுக்கப் போன தாய்மார் பாதி வழியில் திரும்பி வந்து, பிள்ளையின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் ஒரு பிள்ளையை அதட்டியதுகூடக் கிடையாது. என்ன செய்ய, ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

மருமகளாக நடித்த நிரஞ்சனி மாத்தளை டவுனில் தையல் கடை வைத்துப் பிழைத்தார். அவர் பாடு நேர்மாறு. சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால், "பாவம், நீ என்ன பாடு பட்ட" என்று கை நிறைய அள்ளிக் கூடப் போடுவார்கள். அந்த அனுதாபக் காயில் பாதி பஸ் ஏறி எல்கடுவைக்கு, மாமியார் வீட்டுக்கு வரும். இரண்டு பேருக்கும் அப்படியொரு சிநேகம். போனிலும் நிரஞ்சனி கடைசி வரை "மாமி" என்றுதான் கூப்பிட்டார்.

அந்த நிரஞ்சனி போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

செய்தி கேட்ட புஷ்பவதிக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. பக்கத்தில் நின்று வாய்விட்டு அழ வேண்டும். நாடகத்தில் மருமகள் செத்தபோது அவரை அழ விடவில்லை. "நீங்க அழுதா சனம் மன்னிச்சிரும்" என்று டைரக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கெமராவைக் கண்டால் முகத்தை இறுக்கும் பழக்கம் அப்போது தொற்றியது. சொந்த மகனின் கல்யாணப் படத்திலும் முறைத்துக்கொண்டுதான் நிற்கிறார்.

மரண வீட்டுக்கு வருகிற பெண்ணை, உள்ளே இருக்கிற பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவது வழக்கம். தனியாக அழுவது அழுகையில் சேர்த்தி இல்லை. புஷ்பவதி வாசலில் கால் வைத்ததும் அழுகை நின்றது. ஒரு கையும் விரியவில்லை.

"கொன்னது பத்தாதுன்னு பாக்க வந்திருக்காளா?" என்றார் பக்கத்து வீட்டு வேலம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி.

புஷ்பவதி தனியாகப் பெட்டியருகே போய் நின்றார். நிரஞ்சனியின் முகத்தைப் பார்த்ததும் கண்ணீர் முட்டியது. அந்த நேரம் பார்த்து நிரஞ்சனியின் மருமகன் துஷாந்த், வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்தான். புஷ்பவதியின் முகம் தானாக இறுகியது. முட்டிய கண்ணீர் வந்த வழியே போனது.

"பாத்தீங்களா, ஒரு சொட்டு வருதான்னு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. எவ்வளவு முயன்றும் முகம் இளகவில்லை.

நிரஞ்சனியின் மகள் சுதர்சினி எழுந்து வந்து புருஷனின் கையைக் கீழே இறக்கினாள். "அந்தப் போன அங்கிட்டு வைங்க. எங்கம்மாவுக்கு இருந்த ஒரே கூட்டாளி இவங்கதான். அழட்டும்."

போன் இறங்கியதும் புஷ்பவதி அழுதார். பார்க்கிற மாதிரி அழுகை இல்லை அது. மூக்கு ஒழுகியது, குரல் பிசிறியது, ஒப்பாரி ராகம் எதற்கும் அடங்கவில்லை. எந்த டைரக்டரும் அதை எடுத்திருக்க மாட்டார். வேலம்மாவால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வந்து புஷ்பவதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இருவரும் சேர்ந்து வெகுநேரம் அழுதார்கள்.

விம்மலுக்கு நடுவில் வேலம்மா அவர் காதோடு சொன்னார்: "இருந்தாலும் அந்தப் புள்ளைய நீ அவ்வளவு கொடுமப்படுத்தியிருக்கக் கூடாது, புஷ்பவதி."

"தப்புதாங்க அக்கா" என்றார் புஷ்பவதி, பிடியை விடாமல்.