அவர் குடிக்காத கஞ்சி

ரண்டர்ஸ் நகரில் எங்கள் மேல்வீட்டில் இருந்த சீனப் பெண்தான் உடல் மெலியும் மருந்துக் கஞ்சியைச் சொல்லித் தந்தாள். தாமரை இலையும் சிவப்புப் பயறும் போட்டு என் கணவருக்குக் காய்ச்சினேன்.

“எனக்கென்ன காய்ச்சல் வருத்தமே, கஞ்சி தாறீர்?” என்று சிரித்துக்கொண்டே தினமும் போத்தலில் வேலைக்குக் கொண்டுபோனார்.

கோடை முடிவதற்குள் அவருடைய காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் போனால், “அண்ணை நல்லா மெலிஞ்சிட்டார்” என்றார்கள். நான் பெருமையாகக் கஞ்சிப் பக்குவம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு வயிற்றுவலி வந்தது. எப்படி மெலிந்தார் என்று டாக்டர் கேட்டதும் நான் முந்திக்கொண்டு கஞ்சியைச் சொன்னேன். கணவர் தலையைக் குனிந்தார்.

“முதல் நாளே கசந்தது. பிறகு நான் குடிக்கேல்லையப்பா. வேலையிடத்தில ஊத்திப்போடுவன்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நான் மெலிய மெலிய உமக்கு எவ்வளவு சந்தோசம்.”

அதை நான் டாக்டருக்குச் சொன்னதும், அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கணவரை நிமிர்ந்து பார்த்தார். சோதனைகளில் தெரிந்தது புற்றுநோய்; அதற்குள் முற்றியிருந்தது.

கடைசி நாட்களில் அவருக்கு இறங்கியது வெறும் அரிசிக் கஞ்சிதான். “இப்ப சரி. வருத்தக்காரனுக்குத்தானே கஞ்சி” என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்தபடியே மிச்சம் வைக்காமல் குடித்தார்.

இப்போது யாராவது மெலிந்து வந்தால் பாராட்ட எனக்கு வாய் வருவதில்லை. சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்கிறேன்.